ஓதம் வற்றுவதற்குள்

மாதத்தில் ஒரு செவ்வாய்
மருத்துவப் படகு வரும் எங்கள் தீவுக்கு.
தெற்குக் காற்று எழுந்துவிட்டால்
அடுத்த மாதம்.
மூன்று வருடமாக என் முறையைக்
காற்று எடுத்துக்கொண்டது என்று சொல்லி வந்தேன்.
பாதி பொய்.
ஒரு தடவை படகு வந்து நின்றது.
நான் உருளைக்கிழங்குச் சாலுக்குள் குனிந்து
அதன் சங்கு மூன்று முறை ஊதி ஓயும்வரை
நிமிரவேயில்லை.

இம்முறை நிமிர்ந்தேன்.
நாற்பத்தேழு வயது. நல்ல உள்ளாடை.
காலுறை மட்டும் ஒன்று சாம்பல், ஒன்று பழுப்பு;
பூட்ஸைக் கழற்றச் சொல்வார்கள் என்பது
ஏனோ நினைவில் வரவில்லை.

சுகாதார நிலையத்தின் ஒரே அறையில்
விறகடுப்பைச் சுற்றி ஏழு பெண்கள்.
நனைந்த கம்பளி வாடை. ஆட்டு வாடை என்றும் சொல்லலாம்.
பெஞ்சில் மிச்சமிருந்த ஓரிடம்
குளோரிந்தாவின் பக்கத்தில்.
அவளோடு பேசி ஆறு வருடம்.
வேலி, அவள் பன்றி, என் பூண்டுப் பாத்தி.
விரிவாகச் சொன்னால் எனக்கே வெட்கம்.
உட்கார்ந்தேன். நடுவில்
ஒரு கைப்பை அகலம்.

எடை பார்த்தார்கள்.
முள் நின்ற இடத்தை நான் சொல்லப்போவதில்லை;
சிப்பி மூட்டையென்றால்
முதலாளி மகிழ்ந்திருப்பான்.
பிரஷர் கொஞ்சம் அதிகம் என்றாள்.
படியேறி வந்தேன் என்றேன்.
இந்தக் கட்டடத்தில் படியே கிடையாது.

மருத்துவச்சி யாஸ்னா, சாந்தியாகோப் பெண்,
என் மூத்தவளை விடச் சின்னவள்.
படிவத்திலிருந்து கண்ணெடுக்காமல் கேட்டாள்:
எடுவினா, பிரசவம் எத்தனை?
நான்கு.
பிள்ளைகள்?
மூன்று.
பேனா ஒரு கணம் நின்று
அடுத்த கட்டத்துக்குப் போயிற்று.
நல்லது. அந்தச் சின்னக் கட்டத்தில்
அவன் பெயர் எழுத இடமில்லை.

தொழில் என்ற இடத்தில் அவளாகவே
இல்லத்தரசி என்று எழுதத் தொடங்கினாள்.
இல்லை என்றேன்.
சிப்பித் தொழிற்சாலை. பத்தொன்பது வருடம்.
அடித்துத் திருத்தினாள்.
அன்றைய பரிசோதனையில்
குரல் நன்றாக இருப்பது தெரிந்தது.

திரைக்குப் பின்னால்
கால்களை அகற்றிப் படுத்து
கூரைத் தகரத்தின் நெளிவுகளை எண்ணினேன்.
மேலே மழை. எப்போதும் மழை.
"சில்லுனு இருக்கும், மன்னிக்கணும்" என்றாள்.
நான் நாள் முழுக்க ஐஸ் தண்ணீரில்
சிப்பியின் வாயைக் கத்தியால் திறப்பவள்.
மூடிக்கொள்ளும் தசை எங்கே இருக்கிறது,
எவ்வளவு பிடிவாதம் அதற்கு,
எல்லாம் தெரியும்.
திறக்கும்போது அது என்ன நினைக்கும் என்பதை
அன்றுதான் முதன்முதலாக...
சிரித்துவிட்டேன்.
"அசையாதீங்க."
பிறகு, "முடிஞ்சது."
ஒரு சிறு தூரிகை, ஒரு கண்ணாடித் துண்டு.
இதற்கா அந்தச் சாலுக்குள் குனிந்து கிடந்தேன்?

வெளியே படகுக்காரன் கத்துகிறான்:
ஓதம் வற்றுகிறது, இன்னும் கால் மணி நேரம்!
மிச்சம் குளோரிந்தா மட்டும்.
அவள் எழவில்லை.
கைப்பையின் வாரை முறுக்கி முறுக்கி
நங்கூரக் கயிறாக்கியிருந்தாள்.
போன இலையுதிர்காலத்தில் அவள் அக்கா
புவேர்த்தோ மோன்ட் ஆஸ்பத்திரியிலிருந்து
பெட்டியில் வந்தது தீவுக்கே தெரியும்.
வேலிக்கு இந்தப்புறம் நின்று
சிலுவை போட்டுக்கொண்டதோடு சரி நான்.

ஆறு வருடத்தின் முதல் சொல்
அழகாக இருக்க வேண்டுமென்று யார் சொன்னது?
"வலிக்காது. உன் பன்றி என் பாத்தியில் செய்ததைவிடச்
சீக்கிரம் முடிஞ்சிடும்" என்றேன்.
முறைத்தாள்.
பையை என் மடியில் வைத்துவிட்டு
திரைக்குப் பின்னால் போனாள்.

கனமான பை. என்ன வைத்திருந்தாளோ.
திறந்து பார்க்கவில்லை.
பார்க்க நினைத்தேன்.

முடிவு வர இரண்டு மாதம்,
காற்று விட்டால்.
படகு அடிச்சேற்றை உரசிக்கொண்டு நகர்ந்தது.
பெயர் ஒட்டிய இரண்டு கண்ணாடித் துண்டுகள்
ஒரே பெட்டியில், பக்கத்தில் பக்கத்தில்,
வளைகுடாவைக் கடந்து போகின்றன.
கரையில் நாங்கள்
என்ன பேசுவதென்று தெரியாமல்
மழையைப் பற்றிப் பேசினோம்.